உங்களுக்குத் தெரியுமா? ரத்தத்தில் மிதக்கும் எலும்புப் பொட்டலங்கள்

எலும்பு என்றதும் நமக்கு நினைவு வருவது சுண்ணாம்புச் சத்து. கால்சியம் மாத்திரை, பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று பேச்சு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். வயதானால் எலும்பு ஏன் இளைக்கிறது என்ற கேள்விக்குக் கடந்த சில ஆண்டுகளாக ரத்தத்திலிருந்தும் ஒரு பதில் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்துத் துணுக்குகள் இவை.

● முதலில் ஒரு கணக்கு. நம் உடம்பில் எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டுக் கட்டப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீத எலும்பு புதிதாகிறது. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். ஓர் இடத்தை அரித்துக் குழி பறிக்க இரண்டு முதல் நான்கு வாரம். அந்தக் குழியை நிரப்ப மூன்று, நான்கு மாதம். பழைய வீட்டை இடித்துக் கட்டிய எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். இடிக்கிற ஆள் வேகமாக இருந்து, கொத்தனார் சுணங்கினால் என்ன ஆகுமோ, அதுதான் எலும்புப்புரை நோய். சுமார் 30 வயது வரை கட்டுபவர் கை ஓங்கியிருக்கும். பிறகு மெல்ல இறங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் 20 சதவீதம் வரை போய்விடக்கூடும்.

● 'எலும்புத் தேய்மானம்' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு நோய்களை. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, உட்கார்ந்து எழுந்தால் வலிப்பது ஒன்று. எலும்பின் உட்புறம் தேன்கூடுபோல் சல்லடையாகி, வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று இடுப்பெலும்பு முறிவாகத் தெரிய வருவது இன்னொன்று. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது. உலகத்தில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இந்த வகை முறிவு வாழ்நாளில் வருகிறது. ஆண்களுக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆண்கள் அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு முறை படிக்கவும்.

● எக்சோசோம் என்பது செல் தன் வயிற்றுக்குள் கட்டி வெளியே அனுப்பும் ஒரு பொட்டலம். குறுக்களவு 30 முதல் 150 நானோமீட்டர். 100 நானோமீட்டர் பொட்டலங்களை ஒன்றையொன்று ஒட்டி அடுக்கினால், ஒரு தலைமுடியின் குறுக்களவை நிரப்ப 800 வேண்டும். ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் இவை கோடிக்கணக்கில் மிதக்கின்றன. பொட்டலத்துக்குள் புரதம், கொழுப்பு, ஆர்.என்.ஏ. துணுக்குகள் என்று பல சரக்கு.

அந்தக் காலத்து மளிகைக் கடையில் துவரம்பருப்பைப் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார்கள். பருப்பைக் கொட்டிய பிறகு தாளைப் பிரித்து ஓரத்தில் இருக்கும் செய்தியைப் படிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எக்சோசோமிலும் மேலுறையைப் படிக்கலாம். அனுப்பிய செல்லின் சவ்வுதான் உறை. அதில் பதிந்திருக்கும் புரதங்களைப் பார்த்தால், கல்லீரல் அனுப்பியதா, தட்டணு அனுப்பியதா, எலும்பு அனுப்பியதா என்று ஓரளவு ஊகிக்க முடியும்.

● இந்தப் பொட்டலத்தை முதலில் குப்பை என்றுதான் நினைத்தார்கள். 1983இல் இரண்டு ஆய்வகங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரே காட்சியைக் கண்டன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழு செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களைக் கவனித்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் ஸ்டால் குழு எலியின் இளம் சிவப்பணுக்களைக் கவனித்தது. சிவப்பணு முதிரும்போது, இரும்புச் சத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் அதற்குத் தேவையில்லை. அவற்றைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வெளியே எறிந்துவிடுகிறது. வீட்டைக் காலி செய்கிறவர் வேண்டாத சாமானை வாசலில் வைப்பதுபோல. 1987இல் ஜான்ஸ்டோன் இதற்கு எக்சோசோம் என்ற பெயரைக் கொடுத்தார். மெக்கில்லில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவரான முதல் பெண் அவர். குப்பை என்ற எண்ணம் மாற ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது.

● 1967 ஒரு வேடிக்கையான ஆண்டு. பீட்டர் வுல்ஃப் என்ற ஆய்வாளர் ரத்தத் தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவை அதிவேகத்தில் சுழற்றி, அடியில் தங்கிய பொடியை 'தட்டணுத் தூசி' என்று எழுதினார். அதே ஆண்டில் எச். கிளார்க் ஆண்டர்சனும் இத்தாலியின் எர்மன்னோ போனுச்சியும் தனித்தனியாக, குருத்தெலும்பு கெட்டிப்படும் இடத்தில் நுண்பைகளைப் பார்த்தார்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் முதன்முதலாகப் படிகமாக உறைவது அந்தப் பைகளுக்குள்தான். ரத்தத்தில் பை, எலும்பில் பை. இரண்டையும் ஒரே கதையாகச் சேர்த்துப் படிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. எலும்பு கெட்டிப்படுவதே ஒரு பொட்டலத்துக்குள் தொடங்குகிறது என்பதை நினைத்தால், அது இளைப்பதிலும் பொட்டலத்துக்குப் பங்கிருப்பதில் ஆச்சரியம் குறைவு.

● எலியின் சேதியை மனித செல் படித்த கதை: 2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் யான் லோட்வால் குழுவினர், எலியின் மாஸ்ட் செல்கள் வெளியிட்ட எக்சோசோம்களை மனித மாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தார்கள். மனித செல்லுக்குள் எலிப் புரதம் உற்பத்தியானது! பொட்டலத்துக்குள் இருந்த ஆர்.என்.ஏ.வை மனித செல் தன்னுடைய கட்டளையாகவே எடுத்துக்கொண்டு வேலை செய்திருந்தது. குப்பை என்ற பேச்சு அத்தோடு ஓய்ந்தது.

● பொட்டலத்தில் எலும்புக்கு முக்கியமான சரக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளம்தான். அது எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. வேறொரு புரதம் உண்டாவதைத் தடுக்கும். 'அந்த வேலையை நிறுத்து' என்று சொல்லும் துண்டுச் சீட்டு. இதைப் புழுவில் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

● முதியவர்களின் ரத்தத்தில் ஒரு துண்டுச் சீட்டு கூடுதலாக இருக்கிறது. பெயர் மிர்-31. வியன்னா நகர ஆய்வாளர்கள் 2016இல் இதன் வழித்தடத்தை வெளியிட்டார்கள். ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் வயதாகி, பிரிவதை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. பணி ஓய்வு பெற்ற பிறகும் தினமும் அலுவலகம் வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலையைக் கெடுக்கிற ஆசாமிபோல அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட செல்கள் மிர்-31 வைத்த நுண்பைகளை வெளியிடுகின்றன. அவற்றை உள்வாங்கும் ஸ்டெம் செல், எலும்பு கட்டும் செல்லாக மாறத் தேவையான ஃப்ரிஸில்டு-3 என்ற வாங்கியைக் குறைத்துக்கொள்கிறது. கொத்தனார் வேலைக்கு ஆள் சேர்வது குறைகிறது. முதியவர்களிடமும் எலும்புப்புரை நோயாளிகளிடமும் ரத்தத்தில் மிர்-31 கூடியிருந்ததையும் அவர்கள் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகச் சுவையான சேதி இதுதான். கோளாறு தொடங்கிய இடம் ரத்தக்குழாய். பழி விழுந்த இடம் எலும்பு.

● கெட்ட சீட்டு கூடுவது ஒரு பக்கம். நல்ல சரக்கு குறைவது மறுபக்கம். அதே வியன்னா குழு, எலும்பு உருவாக உதவும் கேலெக்டின்-3 என்ற புரதம் முதியவர்களின் ரத்த நுண்பைகளில் இளையவர்களைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டது.

● எலும்பை அரிக்கும் செல், கட்டும் செல்லுக்கு நேரடியாகவே 'நிறுத்து' என்று சீட்டு அனுப்புகிறது. இதன் பெயர் மிர்-214. 2016இல் ஹாங்காங்கின் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகக் குழு இதை வெளியிட்டது. எலும்பு முறிந்த மூத்த பெண்களின் ரத்த எக்சோசோம்களில் மிர்-214 கூடியிருந்தது. அவர்களிடம் எலும்பு உருவாவதும் குறைந்திருந்தது. எலிக்குச் சினைப்பையை நீக்கிவிட்டால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நேர்வதுபோலவே எலும்பு இளைக்கும். அந்த எலிகளிலும் இதே காட்சிதான்.

மிர்-214ஐத் துரத்திய இன்னொரு குழு சீனாவின் விண்வெளி வீரர் பயிற்சி மையத்தைச் சேர்ந்தது. அவர்களுக்கு எலும்பில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எடையில்லாமல் மிதக்கும் விண்வெளி வீரருக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. தரையில் ஒரு மூதாட்டிக்கு ஓராண்டில் குறைவதை அவர் ஒரே மாதத்தில் இழந்துவிடுகிறார்.

● ஆனால் அந்த அரிக்கும் செல்லை முழுக்க வில்லன் ஆக்கிவிடவும் முடியாது. 2018இல் டோக்கியோ குழு ஒன்று 'நேச்சர்' இதழில் எழுதியது: முதிர்ந்துவரும் ஆஸ்டியோகிளாஸ்ட் அனுப்பும் நுண்பைகளின் மேலுறையில் ரேங்க் என்ற வாங்கி ஒட்டியிருக்கிறது. அது கட்டும் செல்லின் மேலுள்ள ரேங்க்-எல் என்ற புரதத்தைத் தொட்டு, 'குழி பறித்தாயிற்று, நீ வந்து நிரப்பு' என்று சொல்கிறது. வழக்கமாக ரேங்க்-எல் என்பது கட்டும் செல் அரிக்கும் செல்லுக்குச் சொல்லும் கட்டளை. இங்கே பேச்சு தலைகீழாக ஓடுகிறது. ஒரே செல் ஒரு பொட்டலத்தில் 'நிறுத்து' என்றும் இன்னொன்றில் 'தொடங்கு' என்றும் அனுப்புகிறது. எந்தப் பொட்டலம் எப்போது மிகுகிறது என்பதில்தான் வயதின் விளையாட்டு இருக்கிறது.

● எலும்பு முறிவைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி பிடிப்பதும் இதே ரேங்க்-எல்லைத்தான். 2010இல் அனுமதி பெற்றது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊசியை மருத்துவரிடம் கேட்காமல் பாதியில் நிறுத்தினால், அடக்கிவைத்த அரிப்பு ஒரேயடியாகக் கிளம்பி முதுகெலும்பு முறிவதுண்டு.

● மூன்று வகை முதியவர்கள், மூன்று வகை ரத்தம். 2018இல் சீன ஆய்வாளர்கள் எலும்பு நன்றாக உள்ள முதியவர்கள், எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைந்தவர்கள், எலும்புப்புரை முற்றியவர்கள் என்று மூன்று தரப்பாரின் ரத்த எக்சோசோம்களைப் பிரித்து ஒப்பிட்டார்கள். முற்றியவர்களின் பொட்டலங்கள், எலும்புச் செல் எடையையும் அழுத்தத்தையும் உணரப் பயன்படும் இன்டெக்ரின் புரதங்களின் வேலையை மட்டுப்படுத்தின. அரிக்கும் செல்லைத் தூண்டின. நல்ல எலும்பு உள்ள முதியவர்களின் பொட்டலங்களோ எலும்புச் செல்லுக்கு ஓரளவு காவலாகவே தெரிந்தன.

நடுத்தரப்புதான் எனக்குப் பிடித்தது. அடர்த்தி கொஞ்சம் குறைந்தவர்களின் பொட்டலம் அரிப்பையும் தூண்டியது, கட்டுவதையும் தூண்டியது. விழப்போகிற கடையைத் தூக்கி நிறுத்தக் கடன் வாங்கிச் சரக்குப் போடும் முதலாளிபோல, உடம்பு அந்தக் கட்டத்தில் இழப்பை ஈடுகட்டப் பார்க்கிறது. வயதானவர் ரத்தம் என்றாலே கெட்டது என்று ஒரே கோடாகப் போட முடியாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

● எலும்பில் சுண்ணாம்பு குறைகிற அதே ஆளுக்கு ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிகிறது! மருத்துவர்கள் நெடுநாளாகக் கவனித்துவரும் விந்தை இது. வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது. இரண்டும் முதுமையின் தனித்தனித் தொல்லைகள் என்றே பலரும் விட்டுவிட்டார்கள்.

2022இல் சீனாவின் சாங்ஷா நகரக் குழு ஒரு முடிச்சைப் போட்டது. எலும்பின் கெட்டியான பகுதிக்குள்ளேயே நுண்பைகள் புதைந்து கிடக்கின்றன. செங்கல் சுவருக்குள் பூசி மறைத்த பழைய பானை மாதிரி. அரிக்கும் செல் சுவரை இடிக்கும்போது பானையும் வெளியே வருகிறது. இளம் எலும்பின் பானையில் இருப்பது வேறு, முதிய எலும்பின் பானையில் இருப்பது வேறு. முதிய எலும்பிலிருந்து வரும் பைகளில் மிர்-483 இருக்கிறது. மஜ்ஜையின் ஸ்டெம் செல்லை அது எலும்பாக விடாமல் கொழுப்புச் செல்லாகத் திருப்புகிறது. மிர்-2861ம் இருக்கிறது, அது ரத்தத்தோடு போய், ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் சுண்ணாம்பு படியத் தூண்டுகிறது. ஒரே இடிபாட்டிலிருந்து இரண்டு கெடுதல்.

எலிகளில் இதைச் சோதிக்கும்போது ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியவைக்க அவர்கள் கையாண்ட வழி என்ன தெரியுமா? வைட்டமின் டி-யை அளவுக்கு மீறிக் கொடுத்தார்கள். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை, சீட்டுக் காலாவதியான பிறகும் மருந்துக் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள் காதில் இதைப் போட்டுவைக்கலாம். அந்த எலிகளுக்கு அலென்ட்ரோனேட் கொடுத்தபோது பைகள் வெளியேறுவது குறைந்தது. அலென்ட்ரோனேட் 1995 முதல் எலும்புப்புரைக்குக் கொடுக்கப்படும் சாதாரண மாத்திரை. அரிக்கும் செல்லின் கையைக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை. இடிப்பு நின்றால் பானையும் வெளியே வராது.

● கிழ எலியின் முறிந்த காலை இளம் எலியின் ரத்தம் சேர்த்துவைத்தது. இரண்டு எலிகளின் பக்கவாட்டுத் தோலை ஒட்டித் தைத்து, ரத்த ஓட்டத்தைப் பொதுவாக்கும் பழைய சோதனை முறை ஒன்று உண்டு. டொரோண்டோ குழு 2015இல் இப்படி இணைத்துப் பார்த்தபோது, கிழ எலியின் எலும்பு முறிவு விரைவாகவும் நன்றாகவும் கூடியது. உடனே 'எல்லாம் எக்சோசோம் மகிமை' என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். அந்தக் குழுவினர் தொடர்ந்து தேடியபோது அகப்பட்டவற்றில் ஒன்று அபோ-ஈ என்ற சாதாரண ரத்தப் புரதம். வயதோடு கூடுவது, எலும்பு கூடுவதைக் கெடுப்பது. ரத்தம் எலும்புக்குக் கொண்டுபோகும் சேதிகளில் பொட்டலம் ஒரு வகை மட்டுமே. அபோ-ஈ இந்தப் பொட்டலத்தை நம்பாமல் தனி வழியில் வருகிற ஆள்.

● பசும்பாலிலும் நுண்பைகள் உண்டு. சினைப்பை நீக்கிய எலிகளுக்கு அவற்றைக் கொடுத்தபோது எலும்பு இழப்பு குறைந்ததாக 2020இல் ஆய்வுகள் வந்தன. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்துவதில் இவற்றில் கணிசமான பகுதி சிதைகிறது. அதற்காகப் பச்சைப் பால் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். பச்சைப் பாலில் வரும் புருசெல்லா கிருமி குடியேற விரும்பும் இடங்களில் ஒன்று முதுகெலும்பு.

● குழந்தைகளின் குடலில் வாழும் நுண்ணுயிர்களை எடுத்துச் சினைப்பை நீக்கிய எலிகளுக்குக் கொடுத்தாலும் எலும்பு காக்கப்பட்டது. 2021இல் இதை வெளியிட்டதும் சாங்ஷாக்காரர்கள்தான். அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா வெளியிடும் நுண்பைகள் குடலைத் தாண்டி எலும்பு வரை போய்ச் சேர்ந்தன. பாக்டீரியாவும் பொட்டலம் போடுகிறது!

● மல்டிபிள் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் எலும்பில் ஓட்டை ஓட்டையாக விழும். அந்தப் புற்றுச் செல்கள் வெளியிடும் எக்சோசோம்கள் அரிக்கும் செல்களை வளர்த்துவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

● சைக்கிள் மிதித்தாலும் பொட்டலம் கூடும். 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் மார்க் ஃபெப்ரையோவின் குழு ஆரோக்கியமானவர்களை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கவைத்து ரத்தம் எடுத்தது. நுண்பைகளில் 300க்கும் மேற்பட்ட புரதங்கள் கூடியிருந்தன. எலும்பைப் பொறுத்தவரை சைக்கிளைவிட நடையும் படியேறுவதும் எடை தூக்குவதும் உசத்தி. எலும்பு தன் மேல் விழும் எடையை உணர்ந்துதான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்த உணர்வுக்குக் காவலிருப்பது ஆஸ்டியோசைட். எலும்பிலுள்ள செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். கட்டி முடித்த சுவருக்குள்ளேயே தன்னைப் புதைத்துக்கொண்ட கொத்தனார் அவர்.

● எக்சோசோம் என்ற பெயரிலேயே தகராறு உண்டு. செல்லின் உட்பைக்குள் உருவாகி வெளியேறுவதுதான் எக்சோசோம். செல்லின் மேல்தோலிலிருந்து நேரே கிள்ளி விழும் பைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். ரத்தத்திலிருந்து எடுத்த பிறகு எது எந்த வழி வந்தது என்று சொல்வது கடினம். அதனால் 2018இல் அத்துறையினரின் பன்னாட்டுச் சங்கம், பிறந்த இடத்தைக் காட்ட முடியாவிட்டால் பொதுவாக 'செல்வெளி நுண்பை' என்றே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. விளம்பரக்காரர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆய்வகத் தலைவலி இன்னொன்றும் உண்டு. புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ரத்தத்தைச் சுழற்றினால் பொட்டலம் மட்டும் அடியில் தங்காது. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் கொழுப்புத் துகள்கள் சிலவும் கூடவே வரும். அவை எண்ணிக்கையில் பொட்டலங்களைவிடப் பல மடங்கு அதிகம். ரத்தத்தை உறையவிட்டுச் சீரம் எடுத்தால், உறையும்போதே தட்டணுக்கள் புதிதாகப் பொட்டலங்களைக் கொட்டிவிடும். நோயாளியின் உடம்பில் மிதந்தது எது, சோதனைக் குழாயில் பிறந்தது எது? ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முடிவை அல்ல, பிரித்தெடுத்த முறையை.

● ஊசியில் ஏற்றும் நுண்பைகளில் பெரும்பகுதி சில நிமிடங்களில் எலியின் ரத்தத்திலிருந்து மறைந்து, கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எலும்புக்குப் போக வேண்டிய பொட்டலத்துக்கு முகவரி எப்படி ஒட்டுவது? மேலே சொன்ன அலென்ட்ரோனேட் மாத்திரைக்கு எலும்பின் கனிமத்தைக் கவ்விக்கொள்ளும் குணம் உண்டு. அதையே பொட்டலத்தின் மேல் ஒட்டிவிட்டால்? 2020இல் ஆய்வாளர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். எலியின் எலும்பில் போய்ச் சேர்ந்தது. பழைய மருந்துக்குப் புது வேலை, முகவரிச் சீட்டாக.

● 'எக்சோசோம் ஊசி போட்டு மூட்டையும் எலும்பையும் இளமையாக்குகிறோம்' என்று விளம்பரம் பார்த்தால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்தது: எக்சோசோம் பொருள் எதற்கும் அனுமதி கொடுக்கப்படவில்லை, நெப்ராஸ்கா மாநிலத்தில் அப்படிப் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் வந்திருக்கின்றன. மேலே நீங்கள் படித்த அதிசயங்களில் சிகிச்சை சார்ந்தவை எல்லாமே எலியோடு நிற்கின்றன. மனிதரிடம் செய்தது ரத்தம் எடுத்துப் பார்த்தது மட்டும்.

● இன்றைக்கு எலும்புப்புரையைத் தீர்மானிப்பது டெக்ஸா ஸ்கேன். ஓர் இளம் பெண்ணின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே டி-ஸ்கோர் இருந்தால் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் கோடு கிழித்தது. ஸ்கேன் சொல்வது இதுவரை எவ்வளவு போயிற்று என்பதை. இப்போது எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு சி.டி.எக்ஸ். என்றொரு ரத்தப் பரிசோதனை உண்டு.

எலும்பின் புரதப் பகுதியில் 90 சதவீதம் கொலாஜன். அரிக்கும் செல் எலும்பைக் கரைக்கும்போது கொலாஜனின் நுனித் துண்டுகள் ரத்தத்தில் உதிரும். சி.டி.எக்ஸ். எண்ணுவது அவற்றை. அந்தக் கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த கயிறு என்று 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன்மீது எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் இருந்து பார்த்தால் கங்காரு கொஞ்சம் தொலைவுதான்.

சி.டி.எக்ஸ். எடுப்பதாக இருந்தால் காலையில், வெறும் வயிற்றில் போக வேண்டும். சாப்பிட்டால் எண் இறங்கிவிடும். காபியைக்கூடத் தள்ளிப்போட்டு நீங்கள் கொடுக்கும் அந்தச் சிறு குழாய் ரத்தத்தில் கயிற்றுத் துண்டுகளோடு பொட்டலங்களும் கோடிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். துண்டுகளை எண்ணி உங்கள் கையில் தாளைக் கொடுப்பார்கள். பொட்டலங்களைப் பிரித்துப் படிக்க நம் ஊர்ச் சோதனைக்கூட விலைப்பட்டியலில் இன்னும் ஒரு வரி ஏறவில்லை.